பனியன் கம்பெனி வாசலில் சுயேச்சை

அவிநாசிக்கு வெளியே ஒரு பனியன் கம்பெனி வாசலில் எங்கள் பஸ் நகராமல் நிற்கிறது. டீ டைம். சாலையை அடைத்துக்கொண்டு கூட்டம். நடுவில், எம்.எல்.ஏ. தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் முன்னாள் ராணுவக்காரர் ஒருவர், நெஞ்சை நிமிர்த்திச் சுத்தமான இந்தியில் முழங்குகிறார். பீகார், ஒடிசாப் பையன்கள் விசிலடிக்கிறார்கள். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாயில்லை. வெயிலில் எனக்கு மண்டை வெடிக்கிறது.

நோட்டீஸ் கட்டோடு ஓர் அம்மா என் ஜன்னலருகே வருகிறார். வேட்பாளரின் மனைவியாம்.

"நல்ல கூட்டம் போல?" என்கிறேன்.

"என்ன கூட்டமுங்க? இவிங்க ஒருத்தருக்கும் இங்க ஓட்டில்லீங்க. ஓட்டிருக்கறவங்க அந்த பேக்கரிக்குள்ள டீ குடிச்சுட்டு நிக்கறாங்க. அங்க போயிப் பேசுங்கன்னு தொண்ட வத்தச் சொல்லிட்டனுங்க. பட்டாளத்துல பழகுன இந்தி காதுல உழுந்தாப் போதும், எங்க ஊட்டுக்காரருக்கு எலெக்ஷனே மறந்து போயிருதுங்க."

ஒரு நோட்டீஸை என் கையில் திணிக்கிறார். "நீங்களாச்சும் நம்மளுக்குப் போடுங்க சாமி."

"எனக்கு ஓட்டு மதுரையிலம்மா."

அவர் என்னை ஒரு பார்வை பார்க்கிறார். நோட்டீஸை என் கையிலிருந்து உருவிக் கட்டோடு சேர்த்துக்கொண்டு, அடுத்த ஜன்னலுக்குப் போகிறார்.