காதில் செருகிய பீடி

கம்பவுண்டர் வேலையில் கசப்பு மருந்தைக் குடிக்கவைப்பது சுலபம், குடிக்கிற பீடியைக் கீழே போடவைப்பதுதான் பெரும்பாடு. வீட்டிலே யாருக்காவது புத்தி சொல்லித் தோற்றவர்களுக்கு என் பாடு புரியும்.

சீமை வியாதி

அறுபதுகளின் நடுவில் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே திருவிழாவில் கொம்பு ஊதுகிறவர் சின்னப்பக் கவுண்டர். அந்த வருஷம் பாதியிலேயே இருமல் வந்து கொம்பைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அண்ணன் நுரையீரலில் புற்று வந்து செத்து அதிக நாள் ஆகவில்லை. இவருக்கும் அதுதானோ என்று சந்தேகப்பட்டு, வேலூருக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே படம் எடுத்தோம். நல்லவேளை, புற்று இல்லை. ஆனால் பீடியை விடாவிட்டால் அண்ணன் கதிதான் என்றார் டாக்டர்.

புகை குடிப்பதால்தான் இந்தப் புற்று வருகிறதென்று சீமை டாக்டர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மலை ஏறும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். கவுண்டர் நிதானமாக ஒரு பீடியைப் பற்றவைத்தார். "அது சீமைக்காரன் நோவுங்க. எங்கண்ணன் அடிக்கடி வேலூரு போனாரு இல்ல, அங்க ஒட்டிக்கிச்சி!"

மரியாதை

உண்மையான சிக்கல் வேறு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பீடி நீட்டுவார்கள். வேண்டாமென்றால் மனஸ்தாபம். எனக்கும் அந்தச் சங்கடம் உண்டு. பீடி குடிக்காத நான், வாங்கிக் காதில் செருகிக்கொள்வேன். வாங்கினாலே மரியாதை முடிந்தது, பற்றவைக்க வேண்டுமென்று சட்டமா இருக்கிறது? இதைக் கவுண்டரிடம் சொன்னேன். இருமி இருமிச் சலித்திருந்தவர் பிடித்துக்கொண்டார்.

காதில் சேர்ந்த பீடியைத் தன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நீட்டினார். அவர்களும் அவரைப் பார்த்துச் செருகிக்கொண்டார்கள். மஞ்சள் நூல் கட்டிய பீடி ஒன்று, அதை முதலில் கவுண்டருக்குக் கொடுத்த ஊர்க்காரர் ராமனிடமே திரும்பி வந்தது. ராமன் கூவினார்: "இன்னாங்க இது, நான் குடுத்த பீடி ஊரெல்லாம் சுத்திட்டு என் வூட்டுக்கே வந்துட்ச்சி!"

சந்தையில்

வாணியம்பாடியிலிருந்து பீடிக்கட்டு கொண்டுவரும் பாய் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். விற்பனை படுத்துவிட்டதாம். சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன். அவர் சிரித்தார். "அடுத்த சந்தைக்கு பெப்பர்மென்ட் கொண்டாறேன் சார். அதயாவது காதுல வெக்காம வாயில போடச் சொல்லுங்க!"

கொம்பு

மறு வருஷத் திருவிழா. கவுண்டர் கொம்பை எடுத்ததும் கூட்டம் அடங்கிவிட்டது. எல்லாரும் அந்த இருமலுக்குத்தான் காத்திருந்தோம். அது வரவே இல்லை. முழுதும் ஊதி முடித்தார். நானே ஜெயித்ததுபோலக் குதித்தேன். கண்ணும் கலங்கிவிட்டது.

கொம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். காதில் புதிதாக ஒரு பீடி இருந்தது. "இன்னா கம்பவுண்டரே, மலைக்குக் கீழ இருக்கிற படவேட்டுக்குக் கேட்டிருக்குமா?"

சீமை டாக்டர்கள் கண்டுபிடித்ததை எங்கள் மலையில் செல்லுபடியாக்கியது ஒரு காது என்பதை மட்டும், எந்த டாக்டரிடமும் நான் இதுவரை சொல்லவில்லை.