ஞாயிற்றுக்கிழமை டாக்டர்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சுற்றிலும் பனியன் கம்பெனிகள்தான். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை செவ்வாய்க்கிழமை என்று மேலே யாரோ முடிவு செய்திருந்தார்கள். செவ்வாயன்று மெஷினை விட்டு எழுந்து வருகிற பெண் அபூர்வம். இங்கே நர்ஸாகத் தலை நரைத்தவள் சொல்கிறேன். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. துணி துவைப்பது, சந்தைக்குப் போவது, உடம்பைக் கவனிப்பது எல்லாம் அந்த ஒரு நாளில்தான்.

புதிதாக வந்த டாக்டரம்மாவுக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம நான் வர்றனுங்க சிஸ்டர், நீங்களும் வர்றீங்களா?" என்றார். மேலே எழுதிக் கேட்கவில்லை. கேட்டால், பதில் வருவதற்குள் வயிற்றுப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும் என்பார். அதன்பின் ஞாயிறு காலைகளில் பெஞ்சில் இடமிருக்காது. பிழைக்க வந்தவர்களின் தூத்துக்குடிப் பேச்சும் இந்தியுமாக ஒரே இரைச்சல். எனக்கு அந்த இரைச்சல் பிடித்திருந்தது.

பிறகு, மருத்துவ அதிகாரிகளின் நிர்வாகத் திறனையும் தலைமைப் பண்பையும் மதிப்பிட டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. வந்த நாள் செவ்வாய். பெஞ்ச் காலி. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டை விளக்கினார். குழுவில் தமிழ் தெரிந்த ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்ல காரியம்தாம்மா. நாளைக்கு நீங்க மாறிப் போயிட்டா இதை யார் நடத்துவாங்க?"

டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. "அத யோசிக்கலீங்க சார்" என்றார். தலைமைப் பண்பில் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கேள்வி சரியானதுதான், அதில்தான் எரிச்சல் அதிகம். கேட்டவராவது அதற்கு ஒரு வழி செய்திருக்கலாம். இளநீர் குடித்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்கள்.

அடுத்த இடமாறுதலில் டாக்டரம்மா போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர் விதிப்படி நடக்கிறவர். ஞாயிறுகளில் அவசரத்துக்கு என்று நான் மட்டும் இருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு, தையல் மெஷினில் வேலை செய்யும் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி ஏழு மாத வயிற்றோடு வந்தாள். கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. சீட்டு எழுதிக் கையில் கொடுத்தேன்.

"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகோணும் கண்ணு. ஆம்புலன்ஸக் கூப்பிடுறேன்."

"வேண்டாம்க்கா. அங்கன போனா படுக்கச் சொல்லிருவாவ. நாளைக்கு ஷிப்மெண்ட் இருக்கு. அடுத்த ஞாயிறு நம்ம டாக்டரம்மாட்ட காட்டிக்கிடுதேன்."

"அவிய மாறிப் போயிட்டாங்க கண்ணு. இனி வரமாட்டாங்க."

எவ்வளவோ கெஞ்சினேன், திட்டியும் பார்த்தேன். அவள் நம்பவில்லை. சீட்டை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சில வாரங்கள் கழித்து இன்னொரு ஞாயிறு வந்தாள். வயிறு இல்லை, கையிலும் பிள்ளை இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பால் கட்டிக்கிட்டு வலிக்குக்கா. டாக்டரம்மா இன்னைக்காவது வந்திருக்காவளா?"