பெண்கள் பக்கம் ஓர் இடம்

சித்தப்பாவை அத்தை என்று கூப்பிடப் பழக எனக்கு அரை நாள் போதுமாக இருந்தது. அப்பாவுக்குத்தான் கடைசிவரை வாய் வரவில்லை. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன அப்பாவின் தம்பி, சில வருஷம் கழித்து நீளக் கூந்தலும் பூப்போட்ட சேலையுமாகப் பசறை பஸ்ஸிலிருந்து இறங்கி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு நடந்து வந்தபோது, நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஜடை பின்னத் தெரியுமா? தெரிந்தது. அம்மா பின்னினால் பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன் அவிழ்ந்துவிடும். அத்தை பின்னியது மறுநாளும் அசையாது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அத்தை கட்சி ஆனேன்.

லயத்து ஆட்களும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்க இடம் கொடுத்தார்கள், கோயில் பொங்கலில் கரண்டியைக் கையில் கொடுத்தார்கள், முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் சிரித்தார்கள். அத்தைக்கு வேண்டியிருந்தது வேறு. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் நிற்பார்கள். ஆண்களுக்குப் புல்வெட்டு, உரம், பெண்களுக்குக் கொழுந்து பறிப்பு. கங்காணி அத்தையை ஆண்கள் பக்கம்தான் நிறுத்தினார். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு அவள் உர மூட்டை சுமந்தாள். "கூடைய மாட்டிக்கிட்டு ஒங்கம்மா பக்கத்துல நிக்கணும்டி" என்று ஜடை பின்னும்போதெல்லாம் சொல்வாள்.

அந்த வருஷம் மே தினத்துக்கு முன்னால் டவுனிலிருந்து தொழிற்சங்கத் தோழர் ஒருவர் வந்தார். தோட்டத்துச் சங்கத் தலைவர் அப்பாதான் என்பதால் எங்கள் வீட்டில்தான் தேத்தண்ணி குடித்தார். நல்ல மனசுள்ள இளைஞர். அத்தையைத் 'திருநங்கை' என்றார். அந்த வார்த்தையை லயம் அன்றுதான் கேட்டது. மரியாதையான வார்த்தை என்பது மட்டும் அவர் சொன்ன விதத்தில் தெரிந்தது. பதுளை டவுனில் நடக்கிற மே தினக் கூட்டத்தில் அவள் மேடையேற வேண்டும் என்றார்.

"பேசினா கொழுந்து மலைக்கு விடுவாங்களாங்க?" என்று அத்தை கேட்டாள். எல்லாமே மாறும் என்றார் தோழர்.

பதுளையில் அத்தை கொஞ்சம்தான் பேசினாள். தானும் தொழிலாளிதான், பெண்களோடு நின்று கொழுந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டம் கைதட்டியது. அப்பாவும் தட்டினார்.

எங்கள் தோட்டத்தில் சங்கக் கூட்டம் என்றால் கோயில் முன்னால் கூடுவதுதான். வேலைக்குப் போவதா நிறுத்துவதா என்பதெல்லாம் அங்கே கைதட்டலில் முடிவாகும். தட்டிய பிறகு யாரும் பின்வாங்க முடியாது. அத்தைக்கு வேறு கூட்டம் தெரியாது. திரும்பி வரும்போது லொறியில் என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "முடிவாயிருச்சுடி" என்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் களத்தோரம் நின்று பார்த்தேன். அம்மாவின் பழைய கூடையை மாட்டிக்கொண்டு அத்தை பெண்கள் பக்கம் நடந்தாள். "மேடையில பேசறது சரி. மலையில அவசரத்துக்கு ஒதுங்கணும்னா நாங்க எங்க போறது?" என்றாள் லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா. கெட்டவள் இல்லை அவள். எங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் கஞ்சியோடு வருகிறவள். கங்காணி அப்பாவைப் பார்த்தார்.

அப்பா தலையைச் சொறிந்தார். "சம்பளப் பேச்சு நடக்குது. இந்த நேரத்துல இத இழுத்தா தோட்டத்துத் தொர நம்மள ரெண்டாப் பிரிச்சிருவாரு. கொஞ்ச நாள் பொறுத்துக்க."

"நீங்களும் கை தட்டினீங்களேண்ணே" என்றாள் அத்தை.

"அது டவுன்ல."

அப்போது அம்மா, வரிசையில் நின்ற இடத்திலிருந்து ஓரடி தள்ளிப் போனாள். அத்தை அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். அத்தை கூடையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு லயத்தைப் பார்க்க நடந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் அவள் பெட்டி இல்லை. அன்று காலை அவள் பின்னிவிட்ட ஜடையை, பேன் வந்து அம்மா அடிக்கும்வரை நான் அவிழ்க்க விடவில்லை.

அம்மாவோடு பல வருஷம் எனக்கு மனசு ஒட்டவில்லை. அப்பாவைக்கூட மன்னித்தேன்; அருவருத்து விலகியவளை முடியவில்லை. பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நாட்களில் நானும் கொழுந்துக்குப் போனேன். முதல் நாளே பிந்திவிட்டது. பெண்கள் நெருக்கமாக நின்றார்கள். எங்கே நிற்பது என்று முழித்தபோது அம்மா, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஓரடி தள்ளிப் போனாள். அந்த இடைவெளியில் போய் நின்றேன். பிந்தி வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே அப்படித்தான் செய்வார்கள் என்பதைப் பிறகு தினமும் பார்த்தேன்.

அன்று மலையில் அம்மாவிடம் அத்தையைப் பற்றிக் கேட்டேன். அம்மாவின் கை கொழுந்தை விட்டு நின்றுவிட்டது.

"எடம் விட்டேன்டி. அவதான் வரல."

அத்தை பெண்கள் பக்கம் ஒரு நாள்கூட நின்றதில்லை. அங்கே இடம் கொடுப்பது அப்படித்தான் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பசறை பஸ்ஸிலிருந்து நீளக் கூந்தலோடு யார் இறங்கினாலும் நான் இன்னமும் பார்க்கிறேன். அவளிடம் சொல்ல எனக்கு அந்த ஒன்றுதான் இருக்கிறது.