கோவ் ஸ்டேஷனில் இருபது நிமிடம்

2007 ஜூலையில் தோஹா வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது பத்மாவதி அயர்லாந்தில் ஒரு கோட்டையின் உச்சியில் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கியபடி நின்றாள். கையில் அவள் வேலை பார்க்கும் வீட்டு மேடத்தின் தோல்பை. அதற்குள் வீட்டார் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் இருந்தது. அவளுடையதும் இருந்தது. பக்கத்தில் நின்ற கோசலாவுடையதும் இருந்தது.

பத்மாவதிக்கு ஊர் இலங்கையில் பொகவந்தலாவை. புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, மகள் விஜியை அக்கா சரசுவிடம் விட்டுவிட்டுத் தோஹாவுக்கு வந்தவள். நான்கு வருடமாக ஒரே வீடு. சமையலும் துணியும் அவள் பொறுப்பு. கோசலா கிளிநொச்சிக்காரி, இருபத்தாறு வயது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவள் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருத்தி மலைநாடு, மற்றவள் வன்னி. ஒருத்தி பேசுவது மற்றவளுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் இருவரும் தோஹாவின் நஜ்மா பகுதிக்குப் போய்வர அனுமதி உண்டு. அங்கே இடியப்பம் விற்கும் ஒரு சின்னக் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள்.

கோடை வந்தால் வீட்டுக்காரர்கள் குளிர்ந்த நாடாகப் பார்த்துப் போவது வழக்கம். அந்த வருடம் வீட்டு எஜமானர், அவர்கள் பாபா என்று கூப்பிடுபவர், அயர்லாந்தில் கார்க் என்ற நகரத்தைத் தேர்ந்தெடுத்தார். பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவள் நூராவுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. அதனால் பணிப்பெண்கள் இருவரும் கூடப் போக வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் ஊர்சுற்றல். சிவப்பும் வெள்ளையுமான ஒரு மணிக்கூண்டில் ஏறி, அட்டையில் போட்டிருந்த எண்களைப் பார்த்துக் கயிறுகளை இழுத்து, நூரா ஊருக்கே கேட்கும்படி மணியடித்தாள். பழைய சிறைச்சாலை ஒன்றைப் பார்த்தார்கள். மெழுகில் செய்த கைதிகளை அறைகளில் உட்காரவைத்திருந்தார்கள். பெண் கைதிகளும் இருந்தார்கள். பத்மாவதி அங்கே ஒரு மெழுகுப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, உடனே சின்னவனின் மூக்கைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

கார்க் நகரத்தின் பழைய சந்தைக்குள் மீன்கடை முன்னால் நின்று இருவரும் தமிழில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் சுசீலா வந்து பேசினாள். நாகர்கோவில்காரி, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "நம்ம பாஷ கேட்டு எத்தன நாளாச்சு தெரியுமா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் பாலாடைக்கட்டிக் கடையில் இருந்தாள். அந்த ஐந்து நிமிடத்துக்குள் கோசலா சுசீலாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அக்கா, இஞ்சை ஒருத்தர் தஞ்சம் கேக்கிறதெண்டால் எங்கை போகவேணும்?"

சுசீலாவின் முகம் மாறியது. "எனக்கு முழுசாத் தெரியாதும்மா. போலீஸ்லயே போய்ச் சொல்லலாம்னு கேள்விப்பட்டிருக்கேன். சொன்னதும் எல்லாம் கெடச்சிரும்னு நெனக்காத." ஆனாலும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள்தான் அந்தக் கோட்டை. பெயர் பிளார்னி. உச்சியில் சுவரின் அடியில் ஒரு கல் இருக்கிறது. மல்லாந்து படுத்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டு அதை முத்தமிட்டால் நாவன்மை வரும் என்று நம்பிக்கை. பாபா சிரித்துக்கொண்டே படுத்தார். ஒரு கிழவர் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மேடம் போட்டோ எடுக்க வேண்டியிருந்ததால் தோல்பையைப் பத்மாவதியிடம் கொடுத்தாள்.

சின்னவனை இடுப்பில் வைத்திருந்த கோசலா நெருங்கி வந்தாள்.

"அக்கா, ஒரு நிமிசம் தாங்கோ. என்ரை பாஸ்போட்டை மட்டும் எடுக்கிறன்."

"வேணாம் கோசலா."

"அது என்ரைதானே அக்கா. வேறை ஆற்றையும் எடுக்கேல்லையே."

"ஒன்னோடதுதான். ஆனா மேடம் என்னைய நம்பிக் குடுத்த பை இது. எனக்கு டிசம்பர்ல லீவு. விஜிக்கு ஓ-எல் பரீட்சை, வர்றேன்னு சொல்லியிருக்கேன். இதுல ஒண்ணு கொறஞ்சா என் கதி என்னா?"

கோசலா சின்னவனை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். பையை மட்டும் பார்த்தாள். பத்மாவதி அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பாபா எழுந்து வந்தார், முகமெல்லாம் சிவந்திருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். குறுகலான சுழல்படியில் பையை விடாமலே பத்மாவதி இறங்கினாள்.

அன்று மாலை ஹோட்டல் குளியலறையில் பிள்ளையின் துணியை அலசும்போது கோசலா சொன்னாள்: "எனக்கு ஆரோடையும் கோவம் இல்லை அக்கா. ஆனால் ஒப்பந்தம் முடிஞ்சால் நான் எங்கை போறது? போன வருசம் ஆவணியிலை வன்னிக்குப் போற பாதையைப் பூட்டினவங்கள். அம்மாவோடை கதைச்சு எட்டு மாசம். தம்பியை இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள் எண்டு ஒரு ஆள் சொல்லுது, இல்லையெண்டு இன்னொரு ஆள் சொல்லுது."

"கொழும்புல இருந்துக்கலாமே?"

"கிளிநொச்சி எண்டு அடையாள அட்டையிலை இருக்கிற பிள்ளையைக் கொழும்பிலை இருக்க விடுவாங்களே?"

பத்மாவதி துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். பாஸ்போர்ட் இல்லாமல் இவள் எங்கும் போகமாட்டாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கோவ் துறைமுகத்துக்குப் போனார்கள். மேட்டில் பெரிய தேவாலயம், கீழே நீலக் கடல், வரிசையாகப் பலநிற வீடுகள். பஞ்சத்திலும் வறுமையிலும் அயர்லாந்தை விட்டுப் போன லட்சக்கணக்கான சனங்கள் கப்பலேறிய இடம் அது. பழைய ரயில் நிலையக் கட்டடத்திலேயே அந்தக் கதையைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். கப்பலின் அடித்தளத்தில் சனங்கள் அடைந்து கிடந்த மரப்படுக்கைகளைச் செய்துவைத்திருந்தார்கள். வெளியே கரையில் வெண்கலத்தில் ஒரு பெண் நின்றாள், இரண்டு தம்பிமாரோடு. அமெரிக்காவில் புதிதாகத் திறந்த குடியேற்ற நிலையத்தில் முதலில் பதிவானவள் இவள்தான் என்று பாபா நூராவுக்குப் படித்துச் சொன்னார்.

கண்காட்சியின் சுவருக்கு அந்தப் பக்கம் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது. கார்க் நகரத்துக்கு இருபத்தைந்து நிமிடம்.

மேடமும் பாபாவும் உள்ளே ஒரு கப்பலின் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோசலா சின்னவன் தூங்கிக்கொண்டிருந்த தள்ளுவண்டியைப் பத்மாவதியின் பக்கம் நகர்த்தினாள். குனிந்து நூராவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

"அக்கா, நான் போறன்."

"எங்க? அடி, பாஸ்போட்டு இல்லாம..."

"ரயிலுக்கு நேரமாச்சு."

கையில் பை இல்லை, மேல்கோட்டு கூட இல்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும், பத்தடி தூரம்தான். பத்மாவதி தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் மேடம் வந்தாள். "கோசலா எங்கே?"

"ஹம்மாம், மேடம்" என்றாள் பத்மாவதி. கழிப்பறைக்குப் போயிருக்கிறாள் என்று அர்த்தம்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. சொன்ன பிறகுதான் சொன்னதே தெரிந்தது. மேடம் தலையாட்டிவிட்டு நினைவுப் பொருள் கடைக்குள் போனாள். மறுபடி வந்து கேட்டபோது, "வயித்துல வலின்னு சொன்னா" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். இருபது நிமிடம் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு எல்லாம் குழப்பம். பாபா கழிப்பறை, கடற்கரை, தேவாலயம் என்று ஓடினார். போலீஸ் வந்தது. அதில் ஒரு இளம்பெண் அதிகாரி பத்மாவதியிடம் வந்து, புரியும்படி ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் ஏதாவது சொல்லிவிட்டுப் போனாளா? உன் பாஸ்போர்ட் உன்னிடம் இருக்கிறதா? நீ நன்றாக இருக்கிறாயா?

கடைசிக் கேள்வியைக் கேட்டபோது அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, கண்ணுக்குள் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் தன்னையும் தனியே கூட்டிக்கொண்டு போவாள் என்று பத்மாவதிக்கு விளங்கியது. இரண்டடி தள்ளி மேடம் அழுதுகொண்டு நின்றாள். சின்னவன் எழுந்து கையை நீட்டினான். விஜியின் பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம்.

"ஐ ஆம் குட்" என்றாள் பத்மாவதி.

ஹோட்டலுக்குத் திரும்பியதும் நூரா உண்மையைச் சொல்லிவிட்டாள். கோசலா தன்னை முத்தமிட்டுவிட்டு ரயில் பக்கம் போனதை, பத்மா பார்த்துக்கொண்டு நின்றதை, ஒன்றுவிடாமல் சொன்னாள். பாவம், பிள்ளைக்கு அது ரகசியம் என்று தெரியாது.

பாபா கத்தவில்லை. "நான்கு வருஷம் உன்னை வேற்று ஆளாக நினைக்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாய்" என்று மட்டும் அரபியில் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

தோஹாவுக்கு வந்ததும் அவளுடைய கைத்தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நஜ்மாவுக்குப் போவது நின்றது. டிசம்பர் லீவைப் பற்றிக் கேட்டபோது, "வேறு ஆள் கிடைக்கட்டும், பார்க்கலாம்" என்றாள் மேடம். அவர்கள் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. சம்பளமும் வந்தது. ஆனால் கதவைப் பூட்டும்போதெல்லாம் மேடம் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். மாதம் ஒருமுறை வீட்டுத் தொலைபேசியில் மகளோடு பேசலாம், மேடம் பக்கத்தில் இருப்பாள்.

"வர்றேன்னு சொன்னீங்க" என்றாள் விஜி.

"லீவு குடுக்கலடி. அடுத்த வருஷம்..."

"சரி. பெரியம்மாகிட்ட குடுக்கிறேன்."

விஜி பரீட்சையில் மூன்று பாடம் கோட்டைவிட்டாள். அதன் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. கட்டுநாயக்காவில் ஒரு கார்மெண்ட்ஸுக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சரசு சொன்னாள்.

2008 ரமலானுக்கு முன்னால் ஒருநாள் காலையில் தெருமுனைக் கடைக்கு ரொட்டி வாங்கப் போனாள் பத்மாவதி. அவ்வளவு தூரம் மட்டும் அவளை விட்டிருந்தார்கள். கடைக்காரர் கௌஸ் முகைதீன், ராமநாதபுரத்துக்காரர். அவளைக் கண்டதும் தொலைபேசியை நீட்டினார். "உங்களுக்குத்தாம்மா. நாலு நாளா இதே நேரத்துக்கு அடிச்சுக்கிட்டு இருக்கு அந்தப் புள்ள. சீக்கிரம் பேசுங்க."

கோசலா. முன்பு அந்தக் கடையில்தான் இருவரும் போன் கார்டு வாங்குவார்கள். நம்பரை அவள் மறக்கவில்லை.

அகதிகள் விடுதியில் இருப்பதாகச் சொன்னாள். வேலை செய்ய அனுமதி இல்லை, சாப்பாடு போடுகிறார்கள், காத்திருக்க வேண்டும். சுசீலா எப்போதாவது வந்து பார்ப்பாள். "கிளிநொச்சி எண்டு சொன்னால் எதாலை நம்புறது எண்டு கேக்கிறாங்கள் அக்கா. பாஸ்போட் இல்லாததாலை என்ரை பேரையே நம்பிறாங்கள் இல்லை. ஒருக்கால் நிராகரிச்சுப்போட்டாங்கள். இப்ப அப்பீல்."

பத்மாவதி ரொட்டிப் பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். அந்தத் தோல்பை நினைவுக்கு வந்தது. கோசலா அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை.

"நான் போனதாலை உங்களுக்கு ஏதும் பிரச்சினையோ அக்கா?"

"எனக்கென்ன பிரச்சன? நல்லாத்தான் இருக்கேன்."

"லீவுக்குப் போனனீங்களோ? விஜி பாஸோ?"

"பாஸு, பாஸு. எல்லாம் நல்லாருக்கு. நீ ஒடம்பப் பாத்துக்க."

கௌஸ் முகைதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தீப்பெட்டிகளை அடுக்கினார்.

புது ஆட்கள் இரண்டு பேர் வந்து வேலை பழகிய பிறகு, 2009 ஏப்ரலில் பத்மாவதியை ஊருக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்தில்தான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார் பாபா. நூரா தன் பென்சில் பெட்டியைக் கொடுத்துவிட்டு அழுதாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விஜி நின்றாள். தொழிற்சாலைச் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு. இரண்டு மணிக்கு டியூட்டி. கிடைத்த நேரத்தில் பஸ் நிலையத்தில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்கள். பத்மாவதி நடந்ததையெல்லாம் மகளிடம் சொன்னாள், பையைப் பற்றியும் சொன்னாள். விஜி தேநீரைக் குடிக்காமல் கேட்டாள்.

"பாஸ்போட்ட குடுக்கல. ஆனா அதுக்கப்புறம் பொய் மட்டும் சொன்னீங்க. ஏன்?"

"தெரியலடி. ரெண்டுல ஒண்ண ஒழுங்காச் செஞ்சிருக்கலாம்."

விஜி ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க வராததால ஒண்ணும் நான் பெயிலாகல. எனக்குக் கணக்கு வரல, அவ்வளவுதான்."

அது உண்மையா, தாயின் மனசுக்காகச் சொன்னதா என்று பத்மாவதியால் கண்டுபிடிக்க முடியவில்லை. மகளின் முகம் அவ்வளவு தூரம் அந்நியமாகியிருந்தது. ஒன்றே முக்காலுக்கு விஜி எழுந்து போனாள். பத்மாவதி தனியாக ஹட்டன் பஸ் ஏறினாள்.

மே மாதம் வன்னியில் சண்டை முடிந்தது என்று செய்தி வந்தபோது, அவள் பஜாருக்குப் போய் கௌஸ் முகைதீனின் கடைக்குப் போன் போட்டாள். கோசலா ஒருமுறை கூப்பிட்டதாக அவர் சொன்னார்.

"நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு சொன்னேன்மா. நம்பர் கேட்டேன். அழுதுக்கிட்டே வச்சிருச்சு."

"அம்மா தம்பி பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல."

அதன் பிறகு மாதம் ஒருமுறை அவள் அந்தக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் அவர் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்குத் தமிழ் தெரியாது.