மருதாயி ஊற்றிய தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ராகம் போட்டு ஞானோபதேசம் ஒப்பிக்கும் நேரத்தில், கோயிலின் தென்புறச் சன்னலுக்குக் கீழே ‘ணங், ணங்’ என்று வெற்றிலை இடிக்கும் சத்தம் கேட்கும். உள்ளே உபதேசியார் சூசைராஜின் நெற்றி சுருங்கும். பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். சர்வேசுரன் மண்ணைப் பிசைந்து ஆதாமைப் படைத்த இடத்துக்கு உபதேசியார் வந்து சேர்ந்ததும் இடிக்கும் சத்தம் நிற்கும். சன்னல் வழியே ஆள் தெரியாமல் குரல் மட்டும் வரும்.

“உபதேசியாரே, ஒரு சந்தேகம். ஆதாமுக்குத் தொப்புள் இருந்துச்சா, இல்லையா?”

பிள்ளைகள் வெடித்துச் சிரிப்பார்கள். உபதேசியார் சன்னலுக்கு வந்து குனிந்து பார்ப்பார். கீழே மருதாயி காலை நீட்டி உட்கார்ந்து, இடித்த வெற்றிலையை விரலால் வழித்துக்கொண்டிருப்பாள்.

“ஒனக்கு எதுக்கு அது?”

“என் தொழிலு அதுதானுங்களே. ஆத்தா வயித்துல இருந்தவனுக்குத்தான கொடி இருக்கும்? மண்ணுல செஞ்ச ஆளுக்கு எதுக்குத் தொப்புளு?”

ஆலங்குடிக்குக் கிழக்கே, கடலைக் கொல்லைகளுக்கும் முந்திரிக் காட்டுக்கும் நடுவில் இருக்கிற சூரக்காட்டில் மருதாயிதான் மருத்துவச்சி. ஊரில் பாதி வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; மீதிப் பேர் கருப்பரைக் கும்பிடுகிறவர்கள். இரண்டு தெருவிலும் பிள்ளை பிறக்க வேண்டுமானால் மருதாயி வந்தாக வேண்டும். ஐம்பதைத் தாண்டியவள், குட்டையான, கெட்டியான உடம்பு. நகத்தை ஒட்ட வெட்டிய கைகளில் எப்போதும் விளக்கெண்ணெய் வாசம் இருக்கும். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் வயிற்றைத்தான் பார்ப்பாள். ஊரில் பெரிய மனிதர் என்று மீசை முறுக்குகிறவர்களைக்கூட அவர்கள் பிறந்த விதத்தை வைத்துத்தான் எடைபோடுவாள். “நீ கால் வழியா வந்தவன்தானப்பா, ஒன் நியாயமும் தலைகீழாத்தான் இருக்கும்” என்பாள். பஞ்சாயத்தில் குரலை உயர்த்திய ஒரு மிராசுதாரைப் பார்த்து, “பொறந்தப்ப அழவே மாட்டேன்னு கெடந்தீங்க. அன்னைக்கு மிச்சம் வச்ச சத்தமா இது?” என்று கேட்டவள்.

சாமி விஷயத்தில் அவள் பாரபட்சம் காட்டியதில்லை. கருப்பர் கோயில் சாமியாடி ஒரு முறை கர்ப்பிணிக்குத் திருநீறு பூசி ஆண் பிள்ளை என்று அடித்துச் சொன்னார். பெண் பிறந்தது. மறுநாள் மருதாயி கோயிலுக்கே போய், “கருப்பருக்குக் கண்ணு மங்கிருச்சு போல. ராத்திரிக்கு ரெண்டு சொட்டு வெளக்கெண்ண விடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் சாமியாடி கோபக்காரர், அரிவாளும் கையுமாக ஆடுகிறவர். உபதேசியார் அப்படியில்லை, கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பார்ப்பார். அதனால் அவளுக்கு உபதேசியாரைத்தான் பிடிக்கும்.

அவரும் சளைத்தவர் இல்லை. தொண்ணூறு வயதுச் சாராள் பிள்ளை பெற்ற கதையைச் சொன்னபோது, “அவளுக்குப் பேறு பார்த்த புண்ணியவதி யாரு? அவ காலைத் தொட்டுக் கும்பிடணும்” என்றாள் மருதாயி. “அவளாச்சும் வேலை முடிஞ்சதும் வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பா. அதனாலதான் அவ பேரு வேதத்துல இல்ல” என்றார் உபதேசியார். அன்றைக்குப் பிள்ளைகள் அவர் பக்கம் சிரித்தார்கள். ஆனாலும் சில நாள் அவருக்குப் பொறுக்காது. “நம்பிக்கை இல்லாதவ வாயில ஜெபம் வந்தா அது ஜெபமில்ல, கொட்டாவி” என்று கோயில் வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த உபதேசியாரின் மகள் மரியசெல்வம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கடலை பறிக்கிற காலம். ஒரு நாள் முற்பகலில் வலி கண்டது. மருதாயி கொல்லையிலிருந்து சேற்றுக்காலோடு ஓடி வந்து, கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். உபதேசியார் வாசலில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றார்.

பிள்ளை பிறந்தது. சத்தம் வரவில்லை.

ஆண் பிள்ளை. உடம்பெல்லாம் நீலம். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. மருதாயி கொடியை எடுத்துவிட்டாள், தலைகீழாகப் பிடித்தாள், உள்ளங்காலில் தட்டினாள், மூக்கிலும் வாயிலும் இருந்ததை உறிஞ்சித் துப்பினாள், தன் மூச்சை ஊதினாள். ஒன்றும் அசையவில்லை. பாயில் கிடந்த மரியசெல்வம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மருதாயிக்கா… தண்ணி ஊத்திருங்கக்கா.”

ஞானஸ்நானம் பெறாமல் போகிற பிள்ளைக்கு மோட்சத்திலும் இடமில்லை, கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் இடமில்லை. வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள். இது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவசரத்துக்கு மருத்துவச்சி யாராக இருந்தாலும் தண்ணீர் ஊற்றலாம் என்று முந்தைய பங்குச் சாமியார் மருதாயிக்கு அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதுவரை அவள் அதைச் சொல்ல நேர்ந்ததில்லை.

“எனக்கு வேற வேலை கெடக்கு புள்ள, இரு” என்றாள் மருதாயி, பிள்ளையின் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே.

மரியசெல்வம் படுத்தபடியே இரு கைகளையும் குவித்தாள். “என் புள்ளை வேலிக்கு அங்கிட்டுக் கெடக்கக் கூடாதுக்கா.”

மருதாயி செம்பை எடுத்தாள். புதுப்பானைத் தண்ணீர், குளிர்ந்து கிடந்தது. பேர் வேண்டுமே? யாரும் ஒரு பேரும் சொல்லி வைக்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. அவள் நாக்குக்குப் பழக்கமான வேதக்காரப் பேர் உபதேசியாருடையது ஒன்றுதான்.

“சூசைராஜு, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று சொல்லித் தலையில் ஊற்றினாள்.

பிள்ளை வெடுக்கென்று உதறியது. வாயைக் கோணிக்கொண்டு வீறிட்டது. வாசலில் நின்ற உபதேசியார் அப்படியே முழங்காலில் விழுந்தார்.

அன்று மாலையே ஊர் இரண்டாகிவிட்டது. ஞானஸ்நானம் பிழைக்க வைத்தது என்றது வேதக்காரத் தெரு. “பானைத் தண்ணி உச்சியில பட்டா நானும்தான் கத்துவேன்” என்றாள் மருதாயி. ஆனால் உண்மையான கலகம் பிள்ளையைப் பார்க்கச் சம்பந்தி ராயப்பன் வந்தபோதுதான் தொடங்கியது. தலைப்பேரன், தகப்பனைப் பெற்றவர் பேரைத்தான் வைக்க வேண்டும். பிள்ளை ராயப்பனாக இருப்பான் என்று கறி, அரிசியெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவரிடம், பிள்ளை சூசைராஜ் என்று சொன்னார்கள்.

“அந்த மருத்துவச்சி குடுத்தது ஞானஸ்நானமா? அது செல்லாது. பங்குச் சாமியார் வரட்டும். திரும்பக் குடுத்து என் பேரை வைக்கச் சொல்றேன்” என்று குதித்தார் ராயப்பன்.

“ஒரு ஆத்துமாவுக்கு ஒரு ஞானஸ்நானம்தான். குடுக்கிறது யாருங்கிறது கணக்கில்ல. துருக்கன் குடுத்தாலும் செல்லும்!” என்று உபதேசியார் மார்தட்டி வாதாடினார். மருதாயி இதைக் கேட்டபோது வெற்றிலை புரையேறிவிட்டது. “அப்ப கொட்டாவியும் செல்லுமா, உபதேசியாரே?” என்றாள்.

பங்குச் சாமியார் சைக்கிளில் வந்து இறங்கிய அன்று கோயில் வாசலில் கூட்டம். கருப்பர் தெருக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சாமியார் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் கேட்டார். ராயப்பன், “சாமி, இவ சேசுநாதரையும் நம்ப மாட்டா, கருப்பரையும் நம்ப மாட்டா. வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பா” என்றார்.

“யார் கொடுத்தாலும் செல்லும்” என்றார் சாமியார். உபதேசியாரின் முகம் மலர்ந்தது. “ஆனா ஒண்ணு. கிறிஸ்தவங்க கேக்கிறதைச் செய்யிறோம்ங்கிற எண்ணம் கொடுக்கிறவங்களுக்கு இருக்கணும். கேலிக்குச் சொல்லியிருந்தா செல்லாது. மருதாயி, தண்ணி ஊத்தும்போது ஒன் மனசுல என்ன இருந்துச்சு?”

மருதாயிக்கு உள்ளுக்குள் கிளுகிளுத்தது. வெளையாட்டுக்குத்தான் என்று ஒரு வார்த்தை போதும். உபதேசியார் ஊர் முன்னால் அசடு வழிந்துகொண்டு நிற்பார், ஆயுசுக்கும் சொல்லிச் சிரிக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. அப்போது மரியசெல்வத்தைப் பார்த்தாள். பச்சை உடம்புக்காரி, தலையில் முக்காட்டோடு சுவரில் சாய்ந்து, பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமலா இருந்தது என்ற பயம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மருதாயிக்கு எரிச்சல் வந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி விளையாட முடியும்?

“சாமி, மனசைத் தேடுற நேரமா அது? புள்ளை நீலம் பாரிச்சுக் கெடக்கு. பெத்தவ கையெடுத்துக் கும்பிட்டா. அவ என்ன நெனச்சுக் கேட்டாளோ அதை அவளுக்காகச் செஞ்சேன். அதுல வெளையாட்டு இல்ல.”

சாமியார் “செல்லும்” என்றார். ராயப்பனின் மீசை தொங்கியதைப் பார்த்து, “சூசை ராயப்பன்னு எழுதிக்கிறேன். ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கங்க” என்று எழுந்தார்.

உபதேசியார் மருதாயியிடம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. “இப்பவாச்சும் ஒத்துக்க, மருதாயி. அந்த நேரத்துல நீ விசுவசிச்சே.”

“ஒங்க மகளை விசுவசிச்சேன், உபதேசியாரே. ஒங்க கதை எல்லாம் அப்படியே பாக்கி இருக்கு.”

தண்ணீர்தான் ஊற்றியாயிற்று, மற்றச் சடங்குகள் பாக்கி. அவற்றைச் செய்யச் சாமியார் அங்கி போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். சடங்கில் பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் ராயப்பனின் கடைசி மகள்; பிள்ளை தூக்கிப் பழகாத சின்னப் பெண். பிள்ளையின் நாக்கில் உப்பு வைத்தார்கள். அது முகத்தைச் சுளித்துக் கத்தியது. பிறகு எல்லோரும் ‘விசுவசிக்கிறேன்’ என்று தொடங்கும் விசுவாசப் பிரமாணத்தை உரக்கச் சொல்லிக்கொண்டு உள்ளே நடக்கத் தொடங்கினார்கள். ஞானத்தாயின் முழங்கை நழுவியது. பிள்ளையின் தலை பின்னால் சரிந்தது.

ஓரமாக நின்றிருந்த மருதாயி வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்தாள். பிள்ளையின் பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டு, உதட்டை இறுக மூடியபடி, பீடம்வரைக்கும் அவர்களோடு நடந்து போனாள்.