மூன்றாம் ராஜாவின் பெட்டி

அன்று காலை கடைக்குள் கால் வைத்ததுமே சொல்லிவிட்டேன்.

“பாய், இன்னைக்கு ஆறு மணிக்கு நான் கெளம்பிருவேன். கடை இடிஞ்சு விழுந்தாலும் கெளம்பிருவேன்.”

கல்லாவில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்தார். “கடை இடிஞ்சா எனக்கு மட்டும் இங்க என்ன சோலி? நானும் கெளம்பிருவேன், போம்மா,” என்றார்.

கொடைக்கானல் பஜாரில் அந்த மளிகைக் கடையில் எனக்கு அது ஏழாவது டிசம்பர். டிசம்பர் வந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கேக் போடுகிறவர்களுக்கு மைதா, வெண்ணெய், டூட்டி ஃப்ரூட்டி, வனிலா எசன்ஸ். சுற்றுலா வந்தவர்களுக்குப் பால் பாக்கெட், பிஸ்கட், நூடுல்ஸ். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடக்கும். அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, “இது கெட்டுப்போச்சா?” என்று கேட்கிற மெட்ராஸ்காரர்களிடம் எனக்குச் சுள்ளென்று வரும். முதலாளி கண்ணைக் காட்டுவார். அடக்கிக்கொள்வேன்.

ஆறு மணிக்கு நான் அவசரப்பட்டதற்குக் காரணம் என் மகள். ஒன்பது வயது, சிஸ்டர்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. நாங்கள் பழனிப் பக்கத்து ஆட்கள், முருகனைக் கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் இந்த மலையில் டிசம்பர் வந்துவிட்டால் எல்லார் வீட்டு வாசலிலும் ஒரு நட்சத்திரம் தொங்கும். பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் மூன்றாவது ராஜா என் மகள். ஒரு மாதம் வீட்டில் கிரீடம் வைத்துக்கொண்டேதான் சோறு தின்றாள்.

நாடகம் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு. முதலாளி மூன்றரைக்கே போகச் சொன்னார். நான்தான், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் பத்து நிமிஷம் பாய்,” “இந்த ஒரு ஆள் மட்டும் பாய்,” என்று நின்றேன். கையில் வேலை இருக்கும்போது விட்டுப் போகத் தெரியாத பிறவி நான். ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் மடியில் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அன்று இரவே என் போனை எடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருந்த நாடக வீடியோக்களை ஒன்று விடாமல் அழித்தாள். “செவ்வாக்கெழம கேபிள்ல முழுசாப் போடுவாங்க. எம்பக்கத்துல உக்காந்து பாரு. அது வரைக்கும் யாரும் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டேன்,” என்றாள். அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் “ம்”, “இல்ல”, “சரி” என்று மூன்றே பதில். கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமையும் வந்தது. இதையும் தவறவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பகல் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நாடகத்தைப் பார்த்தவர்கள். ஒருத்தி சர்க்கரை வாங்க வந்து, “ஒங்க பொண்ணு அன்னைக்கு...” என்று ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டு, மீதிச் சில்லறைகூட வாங்காமல் சிரித்தபடியே ஓடினாள். பள்ளிக்கூட ஆயா, “சொல்ல மாட்டேம்மா, பாப்பாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்,” என்றார். பேரன் போனில் பார்த்திருந்த முதலாளியும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தாடிக்குள் சிரித்தார். ஊருக்கே தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியவில்லை! கோபம் ஒரு பக்கம், குறுகுறுப்பு ஒரு பக்கம். அரைக் கிலோ ரவையை முக்கால் கிலோவாகக் கட்டிவிட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு ஒரு ரிசார்ட் ஜீப் வந்து நின்றது. டிரைவர் நீட்டிய லிஸ்ட் இரண்டு பக்கம். என் கை தானாக அதை வாங்கப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

“அண்ணே, இதை வெள்ளனே கொண்டாந்தா என்ன? இப்ப நான் வீட்டுக்குப் போகலைன்னா எம்மக எங்கிட்டப் பேச மாட்டா. நீங்க வந்து சமாதானம் பண்ணுவீங்களா?”

அவர் திகைத்துப்போனார். முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்து லிஸ்ட்டை வாங்கினார். “நீ வெரசாப் போ தாயி. முப்பது வருசமா யாவாரம் பாக்குறேன், எனக்குப் பொட்டலம் கட்டத் தெரியாதா?”

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரி வரைக்கும் கார்கள் அசையாமல் நின்றன. நடப்பதுதான் வேகம். ஸ்வெட்டருக்கு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு, பனிமூட்டத்துக்குள் ஒரே ஓட்டம். வழியில் யாரோ, “இன்னைக்கு டிவில போடுறாங்களாம்ல!” என்று கத்தினார்கள். “அதுக்குத்தான் ஓடுறேன்!” என்று நானும் கத்தினேன். மேட்டில் ஏறும்போது நெஞ்சு அடைத்தது. ஆனாலும் சிரிப்பாக வந்தது. கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி ஓடவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் டிவிதான் எங்கள் வரிசையில் பெரியது. அவர்களுடையது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். டிரைவர் வேலைக்குப் போகும் என் வீட்டுக்காரர் டிசம்பரில் வீடு தங்குவதில்லை, அதனால் கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க எங்கள் சாயங்காலம் அங்கேதான். நான் நுழைந்தபோது மகள் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடத்தை விட்டு, அதில் கையை ஊன்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

“வந்துட்டீங்களா? நீங்க வராட்டி டிவிய போட விட மாட்டேன்னு நிக்கிது புள்ள,” என்று அக்கா இஞ்சிக் காப்பியை நீட்டினார்.

லோக்கல் சேனலில் எப்போதும் பழைய நாடகங்களைத்தான் முதலில் போடுவார்கள். வருஷா வருஷம் பார்த்தவைதான். ஒட்டகத்துக்குள்ளே இரண்டு பையன்கள் புகுந்து, முன்னங்கால் ஒரு பக்கமும் பின்னங்கால் ஒரு பக்கமும் போய் ஒட்டகம் இரண்டாகக் கிழியும் நாடகம். மாதாவின் கணவர் சூசையப்பரின் தாடி கழன்று தொட்டிலுக்குள் விழும் நாடகம். எங்கே விழும் என்று தெரிந்தும், விழுவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவோம். அன்று எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கரண்ட் போய்விடக் கூடாதே என்று பழனியாண்டவரை வேண்டிக்கொண்டேன். அக்கா மாதாவிடம் சொல்லி வைத்தார்.

ஒரு வழியாக இந்த வருஷத்து நாடகம் வந்தது. கொட்டில், மாதா, சூசையப்பர், பொம்மைக் குழந்தை. ராஜாக்கள் வரிசையாக வந்தார்கள். முதல் ராஜா பெட்டியைத் திறந்து, “பொன் கொண்டு வந்தேன்,” என்றான். இரண்டாவது ராஜா, “சாம்பிராணி கொண்டு வந்தேன்,” என்றான். மூன்றாவது ராஜா பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டாள். வெளியே வந்தது தண்டோடு ஒரு கொத்து பூண்டு.

அரங்கமே வெடித்துச் சிரித்தது. எனக்குத் தலையில் அடித்தாற்போல் ஞாபகம் வந்தது. நாடகத்துக்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்து, “ம்மா, பெட்டில வைக்க வெள்ளைப்போளம் வேணுமாம்,” என்று கேட்டாள். எதிரே பத்துப் பேர் நின்றார்கள். வெள்ளைப்போளம் என்ற வார்த்தையை நான் வாழ்நாளில் கேட்டதில்லை; சாம்பிராணி மாதிரி ஒரு வாசனைப் பிசின் என்று பிறகுதான் தெரிந்தது. என் காதில் விழுந்தது வெள்ளைப்பூண்டு. வடகவுஞ்சியிலிருந்து அன்றுதான் வந்து இறங்கிய மலைப்பூண்டில் ஒரு கொத்தை எடுத்துப் பையில் போட்டு, “பிடி, வீட்டுக்குப் போ,” என்று விரட்டிவிட்டேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

டிவியில், திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் குரல் கேட்டது. “வெள்ளைப்போளம்னு சொல்லு! உள்ள வச்சிரு!”

அவள் உள்ளே வைக்கவில்லை. பூண்டைப் பிடித்தபடி அரங்கத்தைப் பார்த்தாள். முதல் வரிசை, அடுத்த வரிசை, கடைசி வரிசை, கதவு. பிறகு கிரீடத்தை நேராக்கிக்கொண்டு கணீரென்று சொன்னாள்:

“இது எங்கம்மா குடுத்து விட்டது. பிள்ள பெத்தவங்களுக்குப் பூண்டுதான் நல்லது. பால் நல்லா ஊறும்.”

குழந்தை பெற்றவர்கள் வீட்டிலிருந்து யார் கடைக்கு வந்தாலும் நான் சொல்கிற அதே வார்த்தைகள், அதே தோரணை! மாதா வேஷம் போட்ட பெண் எழுந்து, “சரிங்க,” என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

மகள் டிவியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு எம்பேர்லதான்டி,” என்றேன். “சொல்றதுக்கு முன்னாடி எதைத் தேடின?”

“ஒன்னத்தான்.”

“நான் வரலையே.”

“வரலைன்னு தெரியும். இருந்தாலும் பாத்தேன்.”

நாலு நாளில் அவள் எனக்குச் சொன்ன நீளமான பதில் அதுதான். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கனத்தாள், ஆனால் இறங்கவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக முதலாளியிடம் அடுத்த வருஷ நாடகத்துக்கு லீவு கேட்டேன்.

“அதுக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கேம்மா. என்ன தேதின்னே தெரியாதே?”

“தெரிய வேணாம் பாய். டிசம்பர் பூராவும் லீவுன்னு எம்பேரை எழுதி வைங்க. நாடகம் அன்னைக்கு மட்டும் எடுத்துக்கிறேன்.”