தக்காளிக்கு முகம் வைத்த தஸ்லிம்

ராயக்கோட்டை மண்டியில் இருபத்து நான்கு வருடம் தஸ்லிம் பார்த்த வேலைக்கு எந்தக் காகிதத்திலும் பெயர் கிடையாது. விவசாயி கொண்டுவந்து கொட்டும் தக்காளியைப் பெட்டியில் நிரப்பி, ஏலத்துக்கு முன்னால் அதற்கு முகம் வைக்க வேண்டும். முகம் என்றால் பெட்டியின் மேல் வரிசை. ஒரே அளவு, ஒரே சிவப்பு, காம்புப் பக்கம் கீழே போக ஒன்றோடொன்று தோளுரசி உட்கார்ந்த பழங்கள். அதற்கடியில் பெரியதும் சிறியதும் கலந்து கிடக்கும். இதை ஏமாற்று என்று மண்டியில் யாரும் சொல்லமாட்டார்கள். கோலார் வியாபாரிக்கும் தெரியும், சென்னை வியாபாரிக்கும் தெரியும். முகத்துக்கு இவ்வளவு என்று மனசுக்குள் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார்கள். ஆனால் முகம் இல்லாத பெட்டிப் பக்கம் ஒருவரும் குனியமாட்டார்கள். கல்யாணப் பெண்ணைத் தலைகூட வாராமல் மண்டபத்துக்குக் கூட்டி வந்த மாதிரி அது தனியாக நிற்கும்.

மண்டியில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த இலியாஸைக் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவள் தஸ்லிம். மகன் காலித் பால்குடி மறந்த வருடம் இலியாஸுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவன் எழுந்து நடமாடுகிற வரைக்கும் என்று சொல்லித்தான் அவள் மண்டிக்குள் கால் வைத்தாள். அவன் எழுந்து நடந்து, மறுபடி பெட்டி தூக்கவும் ஆரம்பித்தான். அவள் போகவில்லை. விடியற்காலையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் கலந்து ஏலம் போகும். வெங்காயத் தோலும் டீசல் புகையும் இஞ்சி டீயும் சேர்ந்த ஒரு வாசனை அங்கே உண்டு. வேறெங்கும் அவள் அதை முகர்ந்ததில்லை. நடுவில் இலியாஸ் தோளில் பெட்டியோடு கடந்து போகும்போது, அவளைப் பார்க்காமலே, "இது உன் முகம்தானே" என்பான். பத்தடி தள்ளியிருந்தே அவனுக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவன் அவளைப் பாராட்டிய வகை அது ஒன்றுதான். அவன் இறந்துபோய் ஐந்து வருடமாகிறது.

போன ஆடியில் கிருஷ்ணப்பன் வீடு தேடி வந்தார். தக்காளி விவசாயி, இப்போது உழவர் நிறுவனத்தின் தலைவர். முந்நூறு விவசாயிகள் பங்கு போட்டு, ஓசூர் ரோட்டில் பெரிய கொட்டகை கட்டியிருந்தார்கள். தரம் பிரிக்க நீளமான மேசைகள், ஒரு குளிர் அறை. குளிர் அறை பூட்டியே கிடந்தது. நிலையாக வாங்க ஆளில்லை. விலை விழுந்தால் பழத்தை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற வழக்கம் அப்படியே இருந்தது. இப்போது ஓசூரில் பெரிய கடைகளுக்குக் காய் அனுப்பும் ஒரு கம்பெனி, மாதிரிக்கு ஒரு லோடு கேட்டிருக்கிறது. தேறினால் வருடம் முழுக்க எடுப்பார்கள். அவளுடைய கண் வேண்டும் என்றார். முட்டி வலியோடு மண்டித் தரையில் குந்தியிருந்தவளுக்கு நாற்காலி போட்டு வேலை என்றதும் மறுக்கத் தோன்றவில்லை.

கொட்டகையின் மேலாளர் பிரவீனா, விவசாயம் படித்த பெண். ஒரு பெட்டியில் ஒரே அளவுதான் இருக்க வேண்டும் என்று அவள் மூன்று தடவை சொன்னாள். தஸ்லிம் மூன்று தடவையும் தலையாட்டினாள். திம்மப்பன் தோட்டத்துப் பழம், அறுபது பெட்டி. நடுத்தர அளவில் பிரித்து, நிரப்பி வைத்தாயிற்று. பிரவீனா ஆபீஸ் வேலையாகக் கிருஷ்ணகிரி போய்விட்டாள். மற்ற பெண்கள் சாப்பிட வீட்டுக்குப் போனார்கள்.

தஸ்லிம் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுபதும் மொட்டையாக நின்றன. தெரியாத ஊருக்கு, தெரியாத ஆள் முன்னால், இப்படியா அனுப்புவது? பெரிய பழம் ஒதுக்கிய குவியல் பக்கத்திலேயே இருந்தது. கை தானாகப் போயிற்று. இரண்டு மணி நேரத்தில் அறுபது பெட்டிக்கும் முகம் வைத்துவிட்டாள். நல்ல காரியம் செய்த திருப்தியில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கிருஷ்ணப்பனோடு வண்டியில் அவளும் ஏறினாள்.

ஓசூரில் சரக்குப் பார்க்கிறவர் ஹரீஷ்குமார் என்ற இளைஞர். அவர் பெட்டியை மேலிருந்து பார்க்கவே இல்லை. தூக்கி அப்படியே மேசைமேல் கவிழ்த்தார். பெரிய பழங்கள் அடியில் நசுங்க, நடுத்தரப் பழங்கள் மேலே உருண்டன. இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி. ஆறாவதோடு நிறுத்திக்கொண்டார்.

"எங்ககிட்டயே மண்டி வேலையா சார்?" என்றார் கிருஷ்ணப்பனிடம். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

சரக்கு திரும்பியது. சானமாவு காட்டில் வண்டிகளை வனத்துறைக்காரர்கள் நிறுத்தி வைத்திருந்தார்கள். யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டப் போகிறதாம். எஞ்சினை அணைத்ததும் பின்னாலிருந்து தக்காளி வாசனை வந்தது. கிருஷ்ணப்பன் அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினார். எல்லாம் திம்மப்பன் செய்த வேலை, சொல்லச் சொல்ல, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொட்டகைக்குள் வந்து முகம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், நாளைக்கே கூட்டத்தைக் கூட்டி அவனை நீக்குகிறேன், பேரைக் கெடுத்தவன் நமக்கு எதற்கு என்றார். திம்மப்பன் வாயில்லாப் பூச்சி. நீக்கினால் ஏன் என்றுகூடக் கேட்கமாட்டான்.

தஸ்லிம் முந்தானையை விரலில் சுற்றினாள். நாற்காலி போட்ட வேலை கண்முன்னால் வந்து போனது.

"திம்மப்பண்ணன் வெக்கலீங்க. நாந்தான் வெச்சேன்."

கிருஷ்ணப்பன் திரும்பிப் பார்த்தார்.

"அறுவதுக்குமா?"

"அறுவதுக்கும்தான். மொட்டையா அனுப்ப மனசு வரலண்ணா."

முதல் யானை ரோட்டில் ஏறியது. பின்னால் குட்டியோடு இரண்டு. அவை மறுபக்கம் இறங்கி மறைந்தன. கிருஷ்ணப்பன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"உங்கள கூப்புட வந்ததே எதுக்குன்னு நெனச்சீங்க? நீங்க முகம் வெச்ச பொட்டி முன்னாடி போவும்னுதான். எம் பொண்ணு கல்யாணத்து வருசம் எம் பொட்டி பூரா உங்க கையிதான். இப்ப வந்து யார நான் திட்டறது?" வண்டி நகர்ந்தது. "மேடத்துகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

சொன்னாள். பிரவீனா திட்டவில்லை. ஓசூருக்குப் போன் போட்டு அரைமணி நேரம் கெஞ்சினாள். வியாழக்கிழமை இன்னொரு லோடு, இதுதான் கடைசி என்றார்கள்.

"இந்தத் தடவ தனியா விடமாட்டேன்" என்றாள் பிரவீனா.

"கண்ணு சொன்ன பேச்சு கேக்குது மேடம். கைதான் கேக்க மாட்டேங்குது. என்னைய நெரப்பற எடத்துல வெக்காதீங்க."

அவளே யோசித்து வழியும் சொன்னாள். கொட்டகையில் நாகம்மா என்று ஒருத்தி இருந்தாள். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் தங்கி எட்டு வருடம் ஃபேக்டரி லைனில் நின்றவள். மண்டியை அவள் வாசலில் நின்றுகூடப் பார்த்ததில்லை. ஒரு பொருளைப் போலவே அடுத்த பொருளையும் வைக்க அவளுக்குக் கைப்பழக்கம். பெட்டி நிரப்புவது நாகம்மா. தஸ்லிம் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து, அளவு தப்பியதை, நுனியில் பழுத்ததை, காம்போரம் கீறல் விட்டதை எடுத்துப் போடுவாள். பெரிய பழத்தைக் கொட்டகையின் மறுகோடிக்கு அனுப்பிவிட வேண்டும், கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கக் கூடாது. லாரியில் ஏற்றும் முன் பத்துக்கு ஒரு பெட்டியை நாமே கவிழ்த்துப் பார்த்துவிட வேண்டும்.

வியாழனன்று நாகம்மா முதல் பெட்டியை நிரப்பித் தள்ளினாள். தஸ்லிமுக்கு அதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"என்னக்கா, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி பாக்கறீங்க?" என்றாள் நாகம்மா.

"ஒண்ணுமில்ல. நீ நெரப்பு."

ஆறு பெட்டிகளைத் தஸ்லிமே கவிழ்த்தாள். மேலே எப்படியோ கீழேயும் அப்படித்தான். பழத்தில் குறை இல்லை. குறை இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு பெட்டியையும் திரும்ப நிரப்பியதும் மேல் வரிசையை ஒரு தடவை உள்ளங்கையால் தடவிவிட்டாள். எதையும் மாற்றி வைக்கவில்லை. பிரவீனா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

இந்தத் தடவை தஸ்லிம் வண்டியில் ஏறவில்லை. மூன்று மணிக்குக் கிருஷ்ணப்பன் போன் செய்தார்.

"பன்னெண்டு பொட்டி கவுத்தான்க்கா அந்தப் பையன். கவுத்துட்டு, இது எந்தப் பக்கம் மேலன்னு எங்கிட்டயே கேக்கறான்."

"எடுத்துக்கிட்டாங்களா?"

"திங்கக்கெழமைல இருந்து வாரம் மூணு லோடு. குளிர் ரூம் சாவிய மேடத்துகிட்ட வாங்கி வெய்யிங்க."

நாகம்மா கேட்டுவிட்டு மேசையைத் தட்டினாள். தஸ்லிம் நாற்காலியில் சாய்ந்து முட்டியை நீவிக்கொண்டாள்.

ஒதுக்கிய பெரிய பழங்களில் இரண்டு கிலோ வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னாள் பிரவீனா. வழியில் மண்டி. அந்த நேரத்துக்கு அங்கே ஆளில்லை. கழுவிவிட்ட தரையில் நசுங்கிய பழங்களின் விதை மட்டும் ஒட்டிக்கிடந்தது. இலியாஸ் பெட்டியை இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்துகிற தூணருகே ஒரு நிமிடம் நின்றாள். இன்றைக்கு அறுபது பெட்டி போயிருக்கிறது, அதில் ஒன்றைக்கூட அவன் பத்தடி தள்ளியிருந்து கண்டுபிடித்திருக்க முடியாது.

வீட்டில் மருமகள் ஃபிசா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். தஸ்லிம் பையைக் கூடையில் கொட்டி, யோசிக்காமலே அடுக்கிவைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது ஃபிசா கூடை முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலம் எடுக்க யாரு மாமி வர்றாங்க?"

தஸ்லிம் எட்டிப் பார்த்தாள். ஒரே அளவு, ஒரே சிவப்பு, காம்புப் பக்கம் கீழே. ஒரு இடைவெளிகூட இல்லை. குழம்புக்காக ஃபிசா மேல் வரிசையிலிருந்து ஒரு பழத்தை எடுக்கப் போனாள்.

"அடியில இருந்து எடு" என்றாள் தஸ்லிம். "மேல இருக்கறது அப்படியே இருக்கட்டும்."